ராஜா கன்று நடும் குழி

ஒரு காட்டில், காடு என்று பெயர்தானே ஒழிய எண்ணினால் இருபது மரம் தேறாது, பொன்னுரங்கம் என்றொரு முயல் தன் பெண்டாட்டி நாகம்மாவோடு வளை தோண்டிக் குடியிருந்தது. நாகம்மாவுக்கு இழுப்பு. வெயில் ஏறினால் வளைக்குள் அனல் அடிக்கும், புழுதி பறக்கும், பாவம், மூச்சுவிடத் திணறும். வைத்தியம் பார்த்த ஆந்தை, "மருந்தெல்லாம் அப்புறம். முதலில் வாசலில் ஒரு வேப்பமரம் வளருங்கள். நிழலும் காற்றும் வந்தால் பாதி நோய் ஓடிவிடும்" என்றது.

கன்றுக்கு எங்கே போவது? நல்லவேளை, வாசலை ஒட்டியே ராஜா கன்று நடும் குழி இருந்தது. அந்தக் காட்டு வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆடி பிறந்தால் சிங்கராஜா வருவார். ஒரு வேப்பங்கன்றை நடுவார். போட்டோ எடுப்பார்கள். அப்புறம் அந்தப் பக்கம் ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்காது. பத்தே நாளில் கன்று காயும். மரத்துறை அதிகாரி நரியார் வந்து பார்க்காமலே 'கன்று காலமானது' என்று படிவத்தில் முத்திரை குத்துவார். மறுவருஷமும் அதே குழி, அதே சிரிப்பு. பதினோரு வருஷமாக ஒரு குறையும் இல்லாமல் நடந்துவந்த காரியம்.

அந்தக் கன்றுக்குத்தான் நம்ம பொன்னுரங்கம் தண்ணீர் ஊற்றித் தொலைத்தது.

ஓடையிலிருந்து வாயில் மொண்டு மொண்டு வந்து ஊற்றியது. வருஷம் திரும்புவதற்குள் கன்று ஆளுயரம் வளர்ந்துவிட்டது. முயலுக்கு அதுவே ஆலமரம். அதன் நிழலில் நாகம்மா முதல்முறையாக இழுப்பில்லாமல் தூங்கியதைப் பார்த்து, பொன்னுரங்கம் சந்தோஷத்தில் அழுதேவிட்டது.

மறு ஆடியில், விழாவுக்கு முதல்நாள், நரியார் ஆட்களோடு குழியைப் பார்க்க வந்தார்.

"ஐயையோ! யார் செய்த வேலை இது?"

"நான்தாங்க ஐயா. தண்ணி ஊத்தினேன்."

"உன்னை யாரப்பா ஊத்தச் சொன்னது? நாளைக்கு ராஜா வருகிறார். குழி நிறைய மரத்தை வைத்துக்கொண்டு கன்றை எங்கே நடுவது, என் தலையிலா? வெட்டுங்கடா!"

நாகம்மா ஓடிப்போய் மரத்தைக் கட்டிக்கொண்டது. பயத்தில் மறுபடி இழுப்பு ஆரம்பித்துவிட்டது. அதைப் பார்த்ததும் பொன்னுரங்கத்துக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ!

"தாராளமா வெட்டுங்க ஐயா. ஆனா இது போன வருஷமே செத்துப்போச்சுன்னு நீங்கதானே முத்திரை குத்தினீங்க? செத்த கன்னுல வெட்டுறதுக்கு மரம் ஏதுடான்னு ராஜா கேட்டா, நான் என்னங்க சொல்லட்டும்?"

நரியாரின் முகம் சுண்டிப்போனது.

"கெட்டிக்காரன்தான். சரி, மரம் பிழைத்துப் போகட்டும்" என்றார்.

கதை இதோடு முடிந்திருந்தால் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். என்ன செய்ய, நரியாருக்கு இன்னும் ஒரு குழி தேவைப்பட்டதே! விடிந்தால் விழா, இந்த வெயிலில் யார் தோண்டுவது? சுற்றுமுற்றும் பார்த்தார். வேப்பமரத்தடியில் வட்டமாக, ஆழமாக, அம்சமாக ஒன்று இருந்தது.

"இது யார் தோண்டியது?"

"ஐயா, அது எங்க வீடுங்க."

"அடடா, அளவெடுத்துத் தோண்டியது மாதிரியே இருக்கிறதே!"

மறுநாள் சிங்கராஜா வளைக்குள் கன்றை இறக்கி, மண்ணைத் தள்ளி, சிரித்தார். போட்டோவில் ஓர் ஓரமாகச் சட்டிபானையோடு நின்ற பொன்னுரங்கத்துக்கு 'மரக்காவலர்' என்று ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள்.

பத்தாம் நாள் வேப்பமரத்தடியில் படுத்திருந்த நாகம்மா கேட்டது:

"ஏங்க, கன்னு வாடுதே. கொஞ்சம் தண்ணி ஊத்தட்டுமா?"

"ஊத்தினா மரமாயிடும். அப்புறம் வீடு ஏது?"

"ஊத்தலைன்னா?"

"செத்துப்போகும். அடுத்த வருஷம் ராஜா அதே குழிக்கு வருவார்."

நாகம்மா இழுப்பே இல்லாமல் ஒரு பெருமூச்சு விட்டது.

நீதி: வாசலில் மரம் வளர்த்தால் வீட்டில் நோய் இருக்காது. வீடும் இருக்காது.