காவலுக்கு விட்ட கோழிகள்

ஒரு சொல்லை ஒருமுறை யோசித்துச் சொல்கிறவர்களால் ஆபத்தில்லை. ஏழுமுறை யோசிக்கிறவர்களால்தான் கேடு. நான் ஏழுமுறை யோசிக்கிற ஆள்.

பிரசவ விடுமுறை முடிந்து, கண்டியில் நான் வேலை பார்க்கும் மிருக வைத்திய ஆய்வுகூடத்துக்குத் திரும்பியிருந்தேன். பறவைக் காய்ச்சலுக்கான புதிய தடுப்பூசியைக் கோழிகளுக்குப் போட்டுப் பார்க்கும் வேலை. எனது தற்காலிக நியமனம் நிரந்தரமாவது இதில்தான் தங்கியிருந்தது. ஆய்வை நடத்தும் மெடத்துக்குத் தமிழ் தெரியாது. ஆகவே புசல்லாவையில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ராஜேஸ்வரி அக்காவுக்கு விளக்குவது என் பொறுப்பு.

எல்லாக் கோழிக்கும் ஊசி போட்டுவிட்டால், கிருமி சத்தமில்லாமல் உள்ளே வந்தாலும் தெரியாது. அதனால் சிலவற்றுக்கு ஊசி போடாமல் விடுவார்கள். நோய் வந்தால் அவைதான் முதலில் காட்டிக்கொடுக்கும். இவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது? குழந்தைக்குப் பால் கொடுத்தபடியே யோசித்து, 'காவல் கோழி' என்று கண்டுபிடித்தேன். (கணவரை எழுப்பிச் சொன்னேன். அவர் பாராட்டவில்லை.)

காலில் மாட்டும் வளையம் தீர்ந்திருந்ததால், அந்தக் கோழிகளுக்குச் சிவப்பு நூல் கட்டினேன்.

"அக்கா, இதுக காவலுக்கு விட்டது. விக்கவும் கூடாது, யாருக்கும் குடுக்கவும் கூடாது."

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். விஞ்ஞானத்தின்மீது இவ்வளவு பக்தியா என்று நான் நெகிழ்ந்துபோனேன்.

அடுத்த மாதம் இரத்த மாதிரி எடுக்கப் போனோம். சாப்பிடாமல் கூட்டுப் பக்கம் போகவே அக்கா விடவில்லை. சோறும் கோழிக்கறியும். மெடம் மறுபடி கேட்டு வாங்கினார். பால் கொடுக்கிற உடம்பு என்று எனக்கு ஈரல் வேறு. கை கழுவிவிட்டுப் போய்ச் சிவப்பு நூலைத் தேடினேன். ஒரு காலிலும் இல்லை.

"அக்கா, காவல் கோழிக எங்க?"

"காலையில முனியாண்டிக்குப் பூசை தங்கச்சி. நீங்க காவலுக்குன்னு நூல் கட்டி விட்டதுதானே, ஒன்னு கொறையாமக் குடுத்துட்டோம். மெடம் பேரு, ஒங்க பேரு, புள்ள பேரு எல்லாம் சொல்லித்தான் அறுத்தாங்க. அந்தக் கறிதான் நீங்க சாப்பிட்டது."

தேயிலைத் தோட்டத்துக்கெல்லாம் காவல் தெய்வம் முனியாண்டிதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மெடத்திடம், ஆய்வின் ஒரு பகுதியை நாங்கள் சாப்பிட்டுவிட்டோம் என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் தன் வெற்றுத் தட்டைப் பார்த்தார். பிறகு, கறிக்கு என்ன தூள் என்று கேட்கச் சொன்னார்.

ஆய்வு முதலிலிருந்து தொடங்கியது. என் நியமனமும் அதனுடன் பின்னுக்குப் போனது. பண்ணைகளுக்குக் கொடுக்கும் துண்டுப்பிரசுரத்தில் இப்போது 'ஊசி போடாத கோழி' என்றுதான் இருக்கிறது.

வீட்டில்தான் பழைய சொல் சாகவில்லை. மகளைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோனால், காய்ச்சல் வருமோ என்று ஊசி போடும் முன்பே அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். கணவர் என்னைக் காட்டித் தாதியிடம் சொல்வார்:

"புள்ளைக்குப் போடுங்க மிஸ்ஸி. இவங்கள நாங்க காவலுக்கு விட்டிருக்கோம்."