அறுபடாத இணைப்பு

தாராவி மக்களுக்குக் குடிநீர் இணைப்பு வழங்க ஓர் அலுவலகமும், அதற்கு விண்ணப்பிக்க ஓர் ஆப்பும் இருந்தன. இரண்டும் நன்றாகவே இயங்கின. தண்ணீர் மட்டும் வரவில்லை.

ஆப்பை எழுதியவள் ஸ்வீட்டி. குர்லாவில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. அவள் அம்மா லூசியம்மாளும் அதில்தான் விண்ணப்பிக்கப் போராடிக்கொண்டிருந்தாள். அதுவரை அடுத்த சந்திலிருந்து தண்ணீரைக் கேனில் சுமந்தாள்.

சர்வர் பதில் சொல்லத் தாமதித்தால், கொஞ்சம் காத்திருந்துவிட்டு இணைப்பைத் துண்டித்து, அந்த இடத்தை அடுத்தவருக்குக் கொடுக்கும்படி ஸ்வீட்டி எழுதியிருந்தாள். டைம்அவுட் என்று பெயர். மாத அறிக்கையில் 'துண்டிக்கப்பட்ட இணைப்புகள்' என்ற வரியைப் படித்த அதிகாரி நகுல் சாகேப் கலங்கிப்போனார். கொடுக்க வந்த அலுவலகமே துண்டிக்கிறதா என்று அவளை வரவழைத்துக் கேட்டார்.

அது குழாய் இணைப்பு அல்ல, நெட்வொர்க் இணைப்பு என்று அவள் விளக்கினாள். பிடித்ததை விடாவிட்டால் இருநூறு பேரோடு சர்வரில் இடம் நிறைந்துவிடும் என்றாள்.

"இருநூறு பேருக்கு இணைப்புக் கிடைக்குமா?" சாகேப் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இந்த ஆபீஸ் திறந்த நாளிலிருந்து ஒருத்தருக்கும் கிடைத்ததில்லையே!"

உரிய மேலிட ஒப்புதலுடன் டைம்அவுட் ரத்தானது. மதியத்துக்குள் இடம் நிறைந்தது. உள்ளே போனவர்கள் போன் திரையில் சுற்றும் வட்டத்தைப் பார்த்தபடி இருந்தார்கள்; மற்றவர்களுக்கு ஆப்பே திறக்கவில்லை. துண்டிப்பை ஒழித்ததற்காக சாகேப்புக்குச் சால்வை போர்த்தினார்கள்.

உள்ளே மாட்டியவர்களில் லூசியம்மாளும் ஒருத்தி. பொறுத்துப் பார்த்துவிட்டு அலுவலகத்துக்கே போனாள். கிளார்க் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, அவள் பெயரில் ஏற்கெனவே ஓர் இணைப்பு இருப்பதாகவும், விதிப்படி வீட்டுக்கு ஒன்றுதான் என்றும் சொல்லி அனுப்பினார்.

அன்று மாலை ஸ்வீட்டி சந்து முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஆப்பை மூடுங்கள், மூடினால்தான் சர்வர் மூச்சுவிடும் என்று கெஞ்சினாள். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவரும் மூடவில்லை. பிடித்த இடத்தை விட்டால் பக்கத்து வீட்டுக்காரன் ஏறிவிடுவான்.

தன் வீட்டிலாவது தொடங்கலாம் என்று அம்மாவிடம் போனைக் கேட்டாள்.

"ஏட்டி, எத்தனை பேர் வெளிய நிக்காவ. நாம உள்ள இருக்கோம்லா," என்றாள் லூசியம்மாள்.

"உள்ள ஒண்ணுமே நடக்கலம்மா. அத எழுதினவளே நான்தான்."

"எழுதினது நீதான். உள்ள நிக்கிறது நான்லா."

ஸ்வீட்டி போனைப் பார்த்தாள். வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது, பேட்டரி சிவப்பில் இருந்தது. எதிர்வீட்டில் இரண்டு போன்கள் சார்ஜில் கிடந்தன.

"சார்ஜர் எங்கம்மா?" என்றாள்.