பூட்டு சாரின் மூன்றாவது கூட்டம்

தாம்பரம் முதல் பல்லாவரம் வரை, "கூடாது" என்ற சொல்லை அவ்வளவு ஆனந்தமாகச் சொல்ல பூட்டு சாரைத் தவிர வேறொரு மனிதர் பிறக்கவில்லை. எழுபதுகளின் கடைசியில் குரோம்பேட்டையில் எங்கள் ஆபீஸுக்கு வந்த கம்ப்யூட்டருக்கு அவர்தான் பொறுப்பு. நிஜப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

கம்ப்யூட்டருக்குள் எங்களை மூன்று கூட்டமாகப் பிரித்து வைத்திருந்தார். முதல் கூட்டம் பார்க்கலாம், தொடக் கூடாது. இரண்டாவது கூட்டம் மாற்றி எழுதலாம், புரோகிராம் ஓட்டலாம். மூன்றாவது கூட்டம் எதையும் செய்யலாம். யார் எந்தக் கூட்டம் என்று தீர்மானிப்பதும் அதுதான். கம்ப்யூட்டர் படிப்பதற்கான கார்டுகளில் துளை போடும் நான் முதல் கூட்டம் என்பது யாரும் சொல்லாமலே தெரியும்.

இந்தச் சட்டம் மெஷினோடு நிற்கவில்லை. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்ததும் அறிவிப்பார்: "எலுமிச்சை சாதம் எல்லாருக்கும். வடுமாங்காய் பார்க்க மட்டும்." ஏசி காற்றுக்காக உள்ளே நுழைந்த பியூன் முனுசாமியை வாசலிலேயே மறித்தார்.

"இன்னா சார், காத்துக்குக்கூடவா லெவலு கீது?"

"இருக்கு. நீ வெளியில நின்னு வாங்கிக்கோ." சொல்லிவிட்டுக் கதவைக் கொஞ்சம் திறந்தே வைத்தார்.

அப்போது புரோகிராமர் வேலைக்கு ஆள் எடுப்பதாகச் சேதி வந்தது. சொந்தமாக எழுதிய புரோகிராமை ஓட்டி, அச்சடித்த தாளோடு நேர்முகத் தேர்வுக்குப் போக வேண்டும். துளை போட்டே காலம் போய்விடுமோ என்று எனக்குப் பயம். அவர் அந்தப் பக்கம் நகர்ந்தால், அவர் திறந்து வைத்த மெஷின் முன்னால் ஆபீஸே உட்கார்ந்துவிடும். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. என் புரோகிராமை ஓட்டலாமா என்று அவரிடமே கேட்டேன்.

நான் எழுதி வைத்திருந்த தாளை வாங்கிப் படித்தார். "தப்பு இருக்கும்மா கிரேஸ். திருத்திட்டு வா."

திருத்திக்கொண்டு போனால் இன்னொரு தப்பைக் காட்டுவார். தேர்வுக்கு முதல் நாள் வரை இதே கதை. அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டில் நான் அவர் பேச்சை எடுத்தாலே தங்கை காதைப் பொத்திக்கொள்வாள்.

தேர்வுக்கு முந்தின நாள் காலையில் அவர் கூட்டங்களைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தார். மாற்றலாகிப் போனவர்களின் பெயர்களை முதல் கூட்டத்துக்குத் தள்ளிக்கொண்டே வந்தவர், அதே வேகத்தில் தன் பெயரையும் தள்ளிவிட்டார். திரும்பி வர மூன்றாவது கூட்டத்தின் அனுமதி வேண்டும். இனி அவரால் பார்க்க மட்டும்தான் முடியும். பார்த்துக்கொண்டே இருந்தார்.

மானேஜர் சிரித்தபடி வந்தார். "மூணாவது கூட்டத்துல எப்பவும் ரெண்டு பேர் இருக்கணும்னு சொல்வீங்களே, இன்னொருத்தர் நான்தானே?" உட்கார்ந்து தட்டினார். அனுமதி இல்லை என்று பதில் வந்தது.

பூட்டு சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "அது நீங்க இல்ல சார். கிரேஸைக் கூப்பிடுங்க."

உட்கார்ந்து என் பெயரைத் தட்டினேன். மெஷின் மறுக்கவில்லை.

"எப்ப சார் என்னை இதுல சேர்த்தீங்க?"

"நீ முதல் தடவை வந்து கேட்ட அன்னிக்கே. நான் அந்தப் பக்கம் போனா எல்லாரும் கை வைக்கிறாங்க. கேட்டுட்டுத் தொடணும்னு நினைச்சது நீ மட்டும்தான்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே சார்."

"சொல்லியிருந்தா தப்போடவே ஓட்டியிருப்ப." கொஞ்சம் தயங்கினார். "என்னைத் திரும்பச் சேர்த்துக்கலாமாம்மா?"

அவர் ஒருவரிடம் அனுமதி கேட்டு அன்றைக்குத்தான் பார்த்தோம். சேர்த்துக்கொண்டேன். பிறகு என் புரோகிராமை ஓட்டினேன். ஒரு தப்பும் இல்லை. அச்சடித்த தாளை அவரே பிரின்டரிலிருந்து கிழித்துக் கொடுத்தார். மத்தியானம் டிபன் பாக்ஸில் வடுமாங்காய் இருந்த பக்கத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

வேலை கிடைத்தது. அதற்கப்புறம் எத்தனையோ மெஷின்களில் எத்தனையோ அனுமதிகள் வாங்கிவிட்டேன். எதுவும் அந்த மாங்காயைப் போல ருசித்ததில்லை.