அப்பாவின் இருமலை அழித்தது பற்றி

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா வயலின் வாசித்த ஒரே ஒலிநாடாவை நான் காசு கொடுத்துச் சுத்தம் செய்தேன். நீ அதைக் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாய். நடந்தது இவ்வளவுதான். மற்றபடி இங்கே எல்லோரும் நலம், குழாய்க் கடையும் நலம். உன் முழங்கால் வலி உன் கோபத்தைவிடக் குறைவாக இருக்கும் என்று நம்புகிறேன். போனை நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

இசை நூலகத்தில் ஓர் அம்மாள் இருக்கிறார். மறந்துபோன கலைஞர்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்துவைப்பது அவர் வேலை. அப்பா பெயரைச் சொன்னதும் கணினியில் தட்டிப் பார்த்தார், இல்லை. எப்படி இருக்கும்? அப்பா காலமெல்லாம் பின்வரிசையில் வாசித்தவர். நோட்டீஸில் பாடகர் பெயருக்குக் கீழே ‘மற்றும் குழுவினர்’ என்று போடுவார்கள். சின்ன வயசில் அதுதான் நம் குடும்பப் பெயர் என்று நான் நினைத்திருந்தேன். “ஒரு பதிவாவது குடுங்க சார். இல்லன்னா இப்படி ஒருத்தர் இருந்தார்னே யாருக்கும் தெரியாமப் போயிடும்” என்றார். வாரிசுகள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். அக்காதானே, போடுவாள் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பரணில் இருந்த நாடாவின் மேல் அம்மா பென்சிலால் ‘அப்பா வயலின்’ என்று எழுதியிருந்தாள். கடையில் போட்டுக் கேட்டால் பாதி வயலின், பாதி இருமல். யாரோ காலால் தரையைத் தட்டுகிறார்கள், ஸ்டூல் கிரீச்சிடுகிறது, இடையிடையே முணுமுணுப்பு வேறு. துருப்பிடித்த குழாயை அப்படியேவா கண்ணாடி அலமாரியில் வைப்போம், தேய்த்து மெருகேற்றித்தானே வைப்போம், அந்த நினைப்பில் ஒலிக்கூடத்துக்குக் கொண்டுபோய், வயலினைத் தவிர ஒரு பொட்டுச் சத்தம் இருக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தேன். அந்த மனிதரும் சுத்தக்காரர். “நடுவுல ஒரே வரி ரெண்டு தடவை வருது சார், ஒண்ண வெட்டிட்டேன்” என்றார். இப்படி நாலு பேர் என் கடையில் வேலைக்கு இருந்தால் எங்கேயோ போயிருப்பேன் என்று அவரைப் பாராட்டினேன்.

அதைத்தான் உனக்கு அனுப்பினேன். நீ என்ன கேட்டாய்?

“இதுல அப்பா எங்கடா?”

“வயலின் கேக்குதுல்ல?”

“கேக்குது. அப்பா எங்கன்னு கேக்கறேன்.”

“வாசிக்கிற மனுஷன் நடுவுல எழுந்து வந்து வணக்கம் சொல்லுவாராக்கா?”

“நீ குழாயையே வித்துக்கிட்டு இரு.”

அப்புறம் நான் கூப்பிட்டபோது அத்தான்தான் எடுத்தார். “வயலின் பெட்டியத் திறந்து வச்சிக்கிட்டு உக்காந்திருக்கா மச்சான். இப்ப நீ வாயத் திறக்காதே” என்று வைத்துவிட்டார்.

நீ அப்பாவிடம் கற்றுக்கொண்டு கல்யாணத்தோடு விட்டவள், உன் காது என் காதைவிட ஒசத்தி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நூலகத்து அம்மாளுக்கும் காது இருக்கிறது. “இந்த வில்லு எவ்வளவு இளசா ஓடுது பாருங்க” என்று உருகிவிட்டார். தலை முழுக்க நரைத்த பிறகும் அப்பா அப்படி வாசித்தாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. இருமல் இல்லாத அப்பா உனக்கு அந்நியமாகத் தெரிகிறார், அவ்வளவுதான். போகப்போகப் பழகிவிடும். வீம்பு பிடிக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பு. நீ போடாவிட்டால் அவர் பெயர் எங்கேயும் ஏறாது.

அத்தானுக்கு என் வணக்கம். நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன், உன்னை மடக்க ஓர் ஆதாரம் கிடைக்குமா என்று ஒலிக்கூடத்துக்குப் போனேன். கழித்த சத்தங்களை எல்லாம் அவர் தனியாக எடுத்து வைத்திருந்தார். காதில் மாட்டிக் கேட்டேன். இருமல் வந்தது. காலால் தாளம் வந்தது. அப்புறம் அந்த முணுமுணுப்பு: “வில்ல அழுத்தாதே குட்டிம்மா, தரையா துடைக்கிறே? கொண்டா இங்க.” ஸ்டூல் கிரீச்சிட்டது. வெட்டிப் போட்ட அந்த ஒரு வரி வந்தது. அக்கா, மற்ற வாசிப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கே தெரிந்தது. “இப்ப நீ” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ம், வந்துருச்சு.”

அப்பாவுக்குக் குட்டிம்மா நீ ஒருத்திதான். ஆக, நான் காசு கொடுத்து வெளியே தள்ளினதெல்லாம் அப்பா, கழுவி வைத்துக்கொண்டதெல்லாம் நீ. அம்மா எழுதியதிலும் பொய் இல்லை, வயலின் அப்பாவுடையதுதான். இதை நீ போனிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். மேலே எழுதியதில் நலம் விசாரித்ததை மட்டும் வைத்துக்கொள், மீதியைத் தள்ளிவிடு.

அங்கிருந்து நேரே நூலகத்துக்குப் போய்ப் பேசி முடித்துவிட்டேன், உன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. நாடா முழுசாக, இருமலோடு ஏறும். கற்றுக்கொடுத்தவர் என்று அப்பா பெயர், வாசித்தவர் என்று உன் பெயர், அந்த ஒரு வரிக்கு மட்டும் வாசித்தவரும் அப்பா. யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கேட்கலாம், யாரும் துடைக்கக் கூடாது. அசல் நாடா உன் வீட்டில் இருக்கும், எனக்கு ஒரு பிரதி போதும்.