ஐந்தாம் மாடியில் பால் காய்ச்சினோம்

சனிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். மகள் தர்ஷினியைச் சுபாங் ஜெயாவில் இருக்கும் கல்லூரி ஹாஸ்டலில் விட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குக் கிள்ளான் திரும்பிவிட வேண்டும்.

பெட்டியை இறக்க வேண்டும். மெத்தை விரிப்பை விரிக்க வேண்டும். "நல்லா படிம்மா" என்று சொல்ல வேண்டும். ஐம்பத்து நான்கு வயது மனிதனால் கெடுக்க முடியாத வேலை.

அப்படித்தான் நினைத்தேன்.

நான் ஹாஸ்டலில் ஒரு நாள்கூடத் தங்கியதில்லை. பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் துறைமுகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தர் வேலைக்குப் போனவன். அதனால் ஹாஸ்டல் வாழ்க்கையைப் பற்றி என்னிடம் நிறையக் கருத்துகள் இருந்தன. ஒரு வாரம் யோசித்து, பத்தொன்பது அறிவுரைகளைத் தட்டச்சு செய்து, லேமினேட் செய்தும் கொடுத்தேன். மழையில் நனைந்தாலும் அறிவுரை அழியக்கூடாது பாருங்கள்.

முதல் அறிவுரை: முதல் நாளே யார் கண்ணிலும் படாதே. மூன்றாவது: ஹாஸ்டல் விதிகளை மூன்று முறை படி. எட்டாவது: அறையில் கூட இருப்பவரின் பொருளை இரவல் வாங்காதே. பதினொன்றாவது: வார்டனிடம் கெட்ட பெயர் எடுக்காதே.

இந்த நான்கையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீதி பதினைந்தை மீற எனக்கு நேரம் போதவில்லை.

அந்த அறை சும்மா கிடைத்தது இல்லை. ஒரு மாதம் காத்திருப்புப் பட்டியலில் இருந்து, போன வாரம்தான் கிடைத்தது. கிடைக்காவிட்டால் கிள்ளானிலிருந்து தினமும் கொமுட்டர் ரயில், பிறகு பஸ், பிறகு நடை. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். ஹாஸ்டல் விதிப் பட்டியலில் தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்தது: தங்குபவர் அறையில் சமைத்தால் அறை ரத்து. காத்திருப்பவர்களில் அடுத்தவருக்குப் போய்விடும்.

அந்த வரிக்கு மஞ்சள் கோடு போட்டதே நான்தான்.

காரில் போகும்போது தர்ஷினி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்பா, இன்னிக்கு யாரும் நம்மளைத் திரும்பிப் பார்க்காத மாதிரி வந்துட்டுப் போயிடலாம்லா. ப்ளீஸ்."

என்னைப் பார்த்தா இதைச் சொல்கிறாய் என்று கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

என் மனைவி சரோ வரவில்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அன்று மாற்றுப்பள்ளி, விட்ட விடுமுறைக்கு ஈடாகச் சனிக்கிழமை வகுப்பு. ஆனால் வராதவர்தான் எல்லாவற்றையும் நடத்துவார் என்பது எங்கள் வீட்டு வழக்கம். பின்சீட்டில் ஒரு பை இருந்தது. அதற்குள் ஒரு சில்வர் சொம்பு, அரை லிட்டர் பால், சீனி, கொஞ்சம் மஞ்சள், குங்குமம். கூடவே ஒரு சின்ன கேஸ் அடுப்பு.

புது இடத்துக்குக் குடி போனால் பால் காய்ச்ச வேண்டும். பால் பொங்கி வழிய வேண்டும். சரோவைப் பொறுத்தவரை ஹாஸ்டலும் ஒரு வீடுதான், கொஞ்சம் சின்ன வீடு.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இருபத்தைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இருபத்தைந்து வருடமாகச் செய்துகொண்டும் இருக்கிறேன்.

ஆனாலும் இந்த முறை உறுதியாக இருந்தேன். அடுப்பைக் காரிலிருந்து இறக்கவே இல்லை. விதி என்றால் விதி. சொம்பையும் பாலையும் மட்டும் எடுத்துக்கொண்டேன். கோயிலில் வைத்துக் கும்பிடுவதுபோல மேஜையில் வைத்துக் கும்பிட்டால் போதும் என்று தர்ஷினியிடம் சொன்னேன். அவள் முகத்தில் அன்று முதலும் கடைசியுமாக ஒரு நிம்மதி தெரிந்தது.

பத்தரைக்கு ராகு காலம் முடிந்தது. வலது காலை வைத்து உள்ளே போனோம். ஐந்தாம் மாடி, இரண்டு கட்டில், இரண்டு மேஜை, ஒரு ஜன்னல். அறையில் கூட இருக்கப்போகும் பெண் ஈப்போவிலிருந்து வந்திருந்தாள். பெயர் ஷூ லிங். அவளுடைய அம்மா எங்களுக்கு முன்பே வந்து தரையைத் துடைத்துவிட்டு, கட்டில் மேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். சிரித்த முகம். எனக்குப் புதியவர்களிடம் பேச வராது. அவருக்கு அந்தக் குறை இல்லை. ஐந்து நிமிடத்தில் என் ரத்த அழுத்த மாத்திரையின் பெயர்வரை தெரிந்துகொண்டார்.

அவர்களுடைய மேஜையில் ஒரு புத்தம்புது மின்சாரக் கெட்டில் இருந்தது. ஸ்டிக்கர்கூடப் பிரிக்கவில்லை.

விதிப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அடுப்பு கூடாது. ரைஸ் குக்கர் கூடாது. கெட்டில் அனுமதி.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. இன்றுவரை அதை நினைத்தால் என் மேலேயே எனக்குச் சந்தேகம் வருகிறது. சட்டத்தையும் மீறாமல், சடங்கையும் விடாமல், சரோவின் கேள்விக்கும் ஆளாகாமல் தப்பிக்க ஒரு வழி. துறைமுகத்தில் முப்பது வருடம் படிவங்களில் ஓட்டை கண்டுபிடித்தவன் மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

தர்ஷினி மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, கெட்டில் தண்ணிக்கு."

பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்று விளக்கினேன்.

ஷூ லிங்கின் அம்மாவிடம் கேட்டேன். புது வீட்டு வழக்கம் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. கட்டிலுக்கடியில் கையை விட்டு ஒரு அன்னாசிப் பழத்தை எடுத்துக் காட்டினார். அவர்கள் வழக்கப்படி காலையிலேயே அதை வாசலிலிருந்து உள்ளே உருட்டிவிட்டிருக்கிறார். உருட்டும்போது ஜன்னல்வரை நேராகப் போனதாம். கெட்டிலை அவரே கழுவிக் கொடுத்தார். இரண்டு பெண் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்கும் அன்றுதான் அறிமுகம். ஆனால் அந்தப் பார்வையில் நீண்ட நாள் நட்பு இருந்தது.

பாலை ஊற்றியதும் சரோ வீடியோ காலில் வந்தாள். பள்ளியில் ஓய்வு நேரம்.

"எந்த மூலைல வெச்சிருக்கீங்க?"

மேஜையில் என்றேன்.

"மேஜை எந்த மூலைங்க? தென்கிழக்கா?"

தர்ஷினியின் போனில் திசைகாட்டி பார்த்தோம். தென்கிழக்கு ஷூ லிங்கின் புத்தக அலமாரிப் பக்கம் இருந்தது. கெட்டிலைத் தூக்கி அந்த அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். கூரை கைக்கெட்டும் தூரம். அங்கே வட்டமாக வெள்ளையாக ஏதோ ஒன்று ஒட்டியிருந்தது. விளக்கு என்று நினைத்தேன்.

சுவிட்சைப் போட்டேன். கெட்டில் உறும ஆரம்பித்தது.

"ஒண்ணும் தெரியலங்க. பொங்கறதைப் பார்க்க வேணாமா? மூடியைத் திறங்க."

திறந்தேன்.

இங்கே ஒரு தொழில்நுட்ப விஷயம். மூடி மூடியிருந்தால்தான் கெட்டில் கொதித்ததும் தானாக நிற்குமாம். திறந்திருந்தால் அதற்கு நிற்கத் தோன்றாதாம். இதை எனக்குப் பிறகு நான்கு பேர் தனித்தனியாக விளக்கினார்கள். நால்வரும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள்.

பால் முதலில் அமைதியாக இருந்தது. ஓரத்தில் நுரை கட்டியது. போனைத் தூக்கிப் பிடித்தேன். ஷூ லிங்கின் அம்மா கைகூப்பி நின்றார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நம்பிக்கை இல்லாத நானும் கண்ணை மூடிக்கொண்டேன். அப்படியே ஒரு நொடி நின்றேன்.

அந்த ஒரு நொடிதான்.

பால் எழும்பியது. வழிந்தது. நிற்கவில்லை. அலமாரி, அதன் கீழ்த்தட்டில் இருந்த கணக்கியல் புத்தகம், மேஜை, ஷூ லிங்கின் தலையணை என்று வரிசையாக நனைத்துக்கொண்டு போனது. கெட்டிலின் அடித்தட்டில் விழுந்த பால் தீய்ந்து புகைந்தது. ஆவியும் புகையும் சேர்ந்து மேலே போய் அந்த வெள்ளை வட்டத்தைத் தொட்டன.

அது விளக்கு இல்லை.

சுவிட்சை அணைப்பதற்குள் கட்டடம் முழுவதும் அலற ஆரம்பித்தது. ஏழு மாடிக்கும் ஒரே மணி. லிஃப்ட் நின்றது. வராந்தாவில் கதவுகள் திறந்தன. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், அனைவரும் கார் நிறுத்துமிடத்துக்குச் செல்லவும் என்று மூன்று மொழிகளில் சொன்னது. தமிழில் சொல்லவில்லை. நல்லவேளை.

படியில் இறங்கினோம். தலையில் ஷாம்பு நுரையோடு ஒரு பெண். ஒரு கால் செருப்போடு ஓர் அம்மா. மினி ஃபிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு அப்போதுதான் ஐந்தாம் மாடிக்கு வந்து சேர்ந்த ஓர் அப்பா. அவர் அதைக் கீழே வைக்கவே இல்லை. அப்படியே திரும்பி இறங்கினார். அவர் கண்ணை நான் பார்க்கவில்லை.

என் கையில் போன் இருந்தது. அதில் சரோ இருந்தாள். அங்கே ஏன் மணி அடிக்குது, கோயில் பக்கமா என்று கேட்டாள். துண்டித்தேன்.

கார் நிறுத்துமிடத்தில் வெயில். எல்லாரும் மாடிவாரியாக வரிசையில் நின்றார்கள். யாரும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டுப் போகலாம் என்றுதான் மகள் கேட்டிருந்தாள். கட்டடம் முழுவதையும் கீழே இறக்கி வரிசையில் நிறுத்தி, அவர்கள் முன்னால் மகளை நிறுத்தியிருந்தேன். என் சட்டையில் பால் வாடை. யார் என்று யாரும் விசாரிக்கவே தேவையில்லை.

வார்டன் ஒரு மலாய் அம்மா. கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஹாஸ்டல் விதிகளைப் படித்தீர்களா என்று மலாயில் கேட்டார். படித்தேன் என்றேன். எத்தனை முறை என்றார். மூன்று என்றேன். உண்மையைச் சொல்ல வேண்டிய நேரம் எது என்று எனக்கு என்றுமே தெரிந்ததில்லை.

ஷூ லிங்கின் அம்மா எனக்காக வாதாட வந்தார். இது சமையல் இல்லை, பிரார்த்தனை, நாங்களும் காலையில் அன்னாசி உருட்டினோம் என்றார். வார்டன் கோப்பில் அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு தர்ஷினியைப் பார்த்தார். உன் அறையா என்றார். ஆமாம் என்றாள். அறையில் சமைத்தால் என்ன ஆகும் தெரியுமா என்றார். தெரியும் என்றாள்.

நான்கு மணி நேரம் தினமும் கொமுட்டரில். மூன்று வருடம். அரை லிட்டர் பாலுக்கு.

அப்போது தர்ஷினி ஒரு காரியம் செய்தாள். பைக்குள்ளிருந்து விதிப் பட்டியலை எடுத்து, நான் மஞ்சள் கோடு போட்ட வரியைக் காட்டினாள். அதில் 'தங்குபவர்' சமைத்தால் என்று இருக்கிறது. என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"புவான், இவரு இங்கே தங்குறவர் இல்ல. விசிட்டர்."

அவள் சொன்னது மலாயில். எனக்குக் கேட்டது தமிழில்.

வார்டன் படித்தார். இன்னொரு முறை படித்தார். சரி என்றார். தங்குபவருக்கு அறை இருக்கும். விசிட்டருக்கு வேறு விதி. இந்த செமெஸ்டர் முழுவதும் விசிட்டர் காவலர் கூண்டைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. ஒரு விளக்கக் கடிதமும் எழுத வேண்டும்.

அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதினேன். என் மலாயில் இரண்டு பிழைகள் இருந்தன. தர்ஷினி திருத்தினாள். புதுக் கெட்டில் ஒன்று வாங்கித் தருவதாக ஷூ லிங்கிடம் சொன்னேன். அவள் வேண்டாம் அங்கிள் என்றாள். அவசர அவசரமாகச் சொன்னாள்.

நான் ஏன் அதைச் செய்தேன் என்று கிள்ளான் வரும்வரை யோசித்தேன். சரோவுக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கும்பிட்டுவிட்டு வந்திருந்தால் பதினொரு மணிக்கே கிளம்பியிருக்க வேண்டும். மெத்தை விரித்தாயிற்று. பெட்டியை அடுக்கியாயிற்று. பால் காய்ச்சும்வரையாவது அங்கே நிற்க ஒரு காரணம் இருந்தது. இதை எந்த விளக்கக் கடிதத்தில் எழுதுவது?

வீட்டுக்கு வந்ததும் சரோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மணி, படிக்கட்டு, வார்டன், தடை, கடிதம். பொறுமையாகக் கேட்டாள். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பால் எந்தப் பக்கம் வழிஞ்சுது?"

வாசல் பக்கம்தான் எல்லாரும் ஓடினார்கள் என்றேன். அப்ப நல்ல சகுனம்தான் என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டாள்.

மாலையில் தர்ஷினி ஒரு படம் அனுப்பினாள். என் லேமினேட் பட்டியல், அவளுடைய மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தது. கிழித்துப் போட்டிருப்பாள் என்று நினைத்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். பத்தொன்பதாவதற்குக் கீழே, கறுப்பு மார்க்கரில், அவள் கையெழுத்தில் ஒரு வரி.

இருபது: அப்பாவை கார் பார்க்கிலேயே விட்டுடணும்.

ஹாஸ்டலுக்கு முதன்முதலாகப் போகும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், மற்ற பத்தொன்பதையும் கேட்டு எனக்குச் செய்தி அனுப்ப வேண்டாம். இருபதாவது போதும்.