ஜூலை இருபதில் பிறந்தவர்கள்

"எம்மா, நான் நெஜமாவே எந்தத் தேதியில பொறந்தேன்? இன்னிக்குச் சொல்லியே ஆவணும்."

இந்த ஒன்றை மட்டும் கேட்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். பத்தாம் வகுப்பில் ஒருமுறை கேட்டதற்கு அன்னம்மாள் இரண்டு நாள் மகள் ஜோதிகாவோடு பேசவில்லை. இப்போது புளி கரைத்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே, "சர்டிபிகேட்டுல போட்டுக்கிதே, படிச்சவளுக்குக் கண்ணு தெரியலியா?" என்றாள்.

"அது ஹெட்மாஸ்டர் போட்ட தேதி. விக்ரம் அண்ணன் என்னைவிட ஒரு வயசு பெரியவன்னுதானே சொல்லுவே? ரெண்டு பேருக்கும் எப்படிம்மா ஒரே தேதி, ஒரே வருஷம்? பெத்த தேதி கூடத் தெரியாத வீடுன்னு ஊர் சிரிக்கும்."

ஊர் சிரிக்கவில்லை. சிரித்துவிடுமோ என்று பயந்து ஜோதிகா செய்து வைத்த காரியம்தான் பத்து நாளாக அவள் கழுத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் எம்.ஏ. வரலாறு. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். காஞ்சியில் காந்தி ரோட்டில் பஞ்சாட்சரம் முதலாளியின் பட்டுக்கடையில் ஆன்லைன் விற்பனை பார்க்கச் சேர்ந்தாள். முதலாளிக்கோ ஆன்லைனைவிடக் கடை வாசல் கரும்பலகை மேல்தான் பிரியம். 'இந்த நாளில்' என்று தலைப்பிட்டு, அன்றைய தேதியில் உலகத்தில் நடந்தது, பிறந்தவர்கள், இறந்தவர்கள் என்று தினமும் எழுத வேண்டும். அதைப் படித்துவிட்டு உள்ளே வருகிறவர்கள் பேரம் பேச வெட்கப்படுவார்கள் என்பது அவர் கணக்கு.

ஜூலை இருபதுக்கு அவள் முன்கூட்டியே குறித்து வைத்திருந்தாள். மனிதன் நிலவில் கால் வைத்த நாள். பிறந்தவர்கள் மரபியல் மேதை மெண்டல், எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி. இறந்தவர் மார்க்கோனி. அதைப் பார்த்த முதலாளி, "நீயும் அன்னிக்குத்தானேம்மா? ஹிலாரிக்குக் கீழ உம் பேரையும் எழுதிடு" என்றார். பள்ளிக்கூட ஆபீஸ் ரூமில் யாரோ அவசரத்தில் கிறுக்கிய தேதிக்கு ஹிலாரி துணையா என்று ஜோதிகாவுக்குக் கூச்சமாக இருந்தது.

சரியாக அந்த நேரத்தில்தான் மேனேஜர் குமரகுரு ஒரு ஜெராக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடைப் பார்சல்களுக்கு விக்ரமின் ஷேர் ஆட்டோவைப் பேசியிருந்தார்கள். அது அவனுடைய லைசென்ஸ் நகல்.

"அண்ணன்னு சொன்னே. ரெண்டு பேருக்கும் ஒரே நாள், ஒரே வருஷம். எப்படிம்மா?"

குமரகுருவின் பிறந்த நேரம் விநாடி சுத்தமாக ஜாதகத்தில் இருக்கிறது. ஜாதகம் மஞ்சள் துணியில் சுற்றிப் பீரோவில் இருக்கிறது. அவர் தெருவில் பிறந்தால் ஜாதகம். ஜோதிகாவின் தெருவில் பிறந்தால் ஹெட்மாஸ்டர். இதை அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். சொல்லக்கூடியவள்தான். ஆனால் நாக்கு வேறு ஒன்றைச் சொன்னது.

"ரெட்டைங்க சார்."

முதலாளி நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். ஆடித் தள்ளுபடிக்கு ரெட்டைப் பேட்டுச் சேலையைத்தான் இறக்கப்போகிறார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பார்டர் உள்ள சேலை. அதைத் திறந்து வைக்க ஓர் இரட்டைப் பிள்ளை ஜோடி, அதுவும் சொந்தக் கடையிலேயே, அதுவும் ஆடியில் வரும் ஜூலை இருபதில். காமாட்சியே அனுப்பி வைத்தாள் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஜோதிகா பின்வாங்கப் பார்த்தாள். விக்ரமுக்கு ஐயம்பேட்டை ரூட்டில் ஓட்டம் இருக்கிறது, வரமாட்டான் என்றாள். முதலாளி அன்றைய ஓட்டம் முழுவதையும் கடைக்கே பேசிவிட்டார். ரெட்டை என்று வெளியே சொன்னால் கண்ணு படும், அம்மா ஒத்துக்கொள்ளாது என்றாள். அப்படியா, அப்போது அந்தத் தாயையும் அழைத்துச் சேலை போர்த்திப் பூசணிக்காய் உடைத்துவிடுவோம் என்று அம்மாவையும் நிகழ்ச்சியில் சேர்த்தார். இருவருக்கும் எவ்வளவு நேர வித்தியாசம் என்று குமரகுரு கேட்டார். பத்து நிமிஷம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். மறுநாளே அவர் இரண்டு ஜாதகம் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் பத்து நிமிஷத்தில் லக்கினம் மாறிவிட்டதாம். அண்ணனுக்குப் பரிகாரம் அவசியம், தங்கைக்குப் பாதகமில்லை என்றார். இல்லாத பத்து நிமிஷத்துக்காக விக்ரம் ஒரு சனிக்கிழமை எள் விளக்கு ஏற்றிவிட்டு வந்தான். அவனுக்கு எல்லாமே தமாஷ். "புதுச் சட்டை குடுக்கறாங்கன்னா நான் யாருக்கு வேணும்னாலும் ரெட்டைதான்" என்றான்.

ஜோதிகாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஊரார் பொய்யையெல்லாம் பிட்டுப் பிட்டு வைக்கிறவள், கரும்பலகையில் ஒரு தேதி தப்பாக எழுதினால் தூங்காதவள், தன் பிறப்பையே திரித்துச் சொல்லிவிட்டாள். நாளைக்கு நிகழ்ச்சி. அம்மாவிடம் சொல்லியாக வேண்டும்.

சொன்னாள். புளித் தண்ணீருக்குள் அன்னம்மாளின் கை அப்படியே நின்றது.

"ரெட்டைன்னு யாரக் கேட்டுச் சொன்னே?"

"நீ தேதிய ஞாபகம் வெச்சுக்கினு இருந்தா நான் ஏன் பொய் சொல்றேன்? மாடு கன்னு போட்டாக்கூடத் தேதி சொல்றாங்க."

அன்னம்மாள் புளிச் சக்கையைப் பிழிந்து போட்டுவிட்டு எழுந்து போனாள். சொன்ன வாயைக் கழுவிக்கொள்ளலாம் போல ஜோதிகாவுக்கு இருந்தது. மன்னிப்புக் கேட்கவும் வரவில்லை.

மறுநாள் காலை முதலாளியின் கார் அவர்கள் குடியிருந்த செவிலிமேட்டுக்கே வந்து அன்னம்மாளை ஏற்றிக்கொண்டது. மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு இடமே கொடுக்கவில்லை. கடை வாசலில், 'நிலவில் மனிதன் இறங்கிய நாளில் காஞ்சியில் இறங்கிய இரட்டையர்' என்று பேனர். புதுச் சட்டையில் விக்ரம் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தான். மண்டபங்களில் அண்டா கழுவிக் கழுவி வெளுத்த கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, அலங்கார நாற்காலியின் நுனியில் அன்னம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

ஜோதிகா ஒரு முடிவோடுதான் வந்திருந்தாள். மைக்கைப் பிடித்து, நாங்கள் ரெட்டை இல்லை, எங்கள் அம்மா தேதி தெரியாதவள், அதை மறைக்கத்தான் பொய் சொன்னேன் என்று போட்டு உடைத்துவிடுவது. வேலை போனால் போகட்டும்.

அப்போதுதான் தள்ளுபடிக்கு வந்திருந்த ஒரு வயதான அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அன்னம்மாளின் கையைப் பிடித்தாள். ரிட்டயர்டு நர்ஸ் அகிலா. இவர்கள் கூரம் கிராமத்தில் குடியிருந்த காலத்தில் பிரசவம் பார்த்தவள். அன்னம்மாளின் முகத்தில் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் தெரிந்தது. அவளுக்குச் சேலை போர்த்த ஆள் வந்த சமயம் பார்த்து, ஜோதிகா நர்ஸம்மாவைச் சரக்கு ரூமுக்குள் கூட்டிக்கொண்டு போனாள். உடைக்கிறதுதான் உடைக்கிறோம், சரியான தேதியையாவது தெரிந்துகொண்டு உடைக்கலாமே.

"சிஸ்டர், நான் எந்தத் தேதியில பொறந்தேன்னு ஞாபகம் இருக்குதா?"

"ஏன் இல்லாம? ஜூலை இருபது. வியாழக்கிழமை."

"சர்டிபிகேட் தேதியே சரியா? அப்ப எங்கண்ணன்?"

"அவனும் அன்னிக்குத்தான். உனக்கு ஒரு மணி நேரம் முன்னாடி."

ஜோதிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்து நாளாகக் கூனிக்குறுகிக்கொண்டு சொன்னது பொய்யே இல்லையா? ஹெட்மாஸ்டருக்குத் தேதி சொன்னதே அம்மாதானா?

"அப்ப நாங்க நெஜமாவே ரெட்டையா சிஸ்டர்?"

அகிலா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு திரும்பிக் கதவைச் சாத்தினாள்.

"பேனரைப் பாத்துட்டு, ஒருவழியா உங்கம்மா உனக்குச் சொல்லிட்டான்னு நெனச்சேன். பக்கத்துக் கட்டில்காரி அவனப் பெத்துப் போட்டுட்டுக் கண்ண மூடிட்டா. ஏன்னு கேக்க ஒரு ஆள் வரல. ரெண்டுக்கும் பால் குடுத்தவ உங்கம்மா. ரெட்டைன்னு சொல்லிக்கடி, ஒருத்தரும் கேக்க மாட்டாங்கன்னு நான்தான் சொன்னேன். 'செத்தவ பட்ட வலிய நான் பட்டதா சொல்லிக்க மாட்டேன் சிஸ்டர்'னுட்டா. பெத்த பேச்சே எடுக்காம, ஒரு வயசு மூத்தவன்னு மட்டும் சொல்லி வளத்தா."

வெளியே முதலாளி மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

விக்ரமுக்கு எதுவும் தெரியாது, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அகிலாவின் இரண்டு கையையும் பிடித்துக் கேட்டுக்கொண்டாள் ஜோதிகா. பிறகு, அம்மா சொல்லிக்கொள்ள மறுத்த ரெட்டையைத் தானும் சொல்லக் கூடாது என்று, கதவைத் திறந்துகொண்டு மைக்கை நோக்கி நடந்தாள். தன் அண்ணன் தன்னைவிட ஒரு வயது மூத்தவன், தங்கள் வீட்டில் யாருக்கும் தேதி தெரியாது, ஹெட்மாஸ்டர் போட்டதுதான் தங்களுக்குப் பிறந்தநாள் என்று காந்தி ரோடு முழுவதும் கேட்கும்படி சொல்வதற்காக.