பத்திரமாக வந்துகொண்டிருக்கிறேன்

வண்டியோட்டிகளில் கட்டைவிரல் ஓட்டுநர் என்றொரு இனம் உண்டு. வலக்கை ஸ்டியரிங்கில், இடக்கை செல்போனில், கண்கள் இடக்கையில். கியர் மாற்ற வேண்டி வந்தால் முழங்கால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ளும். பின்னால் இருப்பவர்கள் உயிரைப் பிடித்துக்கொள்வார்கள்.

நம் சடையப்பன் அந்த இனத்தின் மாணிக்கம். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கும் தொழிலாளர்களைக் காலை ஷிஃப்டுக்கு அள்ளிப்போகும் கம்பெனி வேனை ஓட்டுவது அவர்தான். மனைவி ஈஸ்வரிக்குப் புருஷன் ரோட்டில் இருக்கிறாரே என்று சதா கவலை. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை, பத்திரமா என்று எஸ்.எம்.எஸ். வரும். பதில் போகாவிட்டால் அடுத்தடுத்து ஐந்து வரும். ஆகவே பத்திரமாக இருப்பதைச் சொல்வதற்காகவே அவர் தினமும் ரோட்டை மறந்தாக வேண்டும். வேறு என்னதான் செய்வார், பாவம்?

“அண்ணே, ரோட்ட பாருண்ணே,” என்பாள் சாராள். பேக்கிங் பிரிவுக்காரி; அவளுக்கு வாய்த்தது டிரைவருக்குப் பின்சீட்டு.

“பாக்காமயே அடிப்பேம்மா. எந்த பட்டன்ல எந்த எழுத்துன்னு விரலுக்குத் தெரியும்.”

“விரலுக்குத் தெரியும். எதிர்ல வர்ற லாரிக்குத் தெரியுமா?”

2006 ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலை. சடையப்பன் ‘பத்திரமா’ என்பதை இங்கிலீஷ் எழுத்தில் அடித்துக்கொண்டிருந்தார். அதில் எச்சும் ஐயும் ஒரே பொத்தானில் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்றை அடித்துவிட்டு மற்றதற்குச் சற்றுக் காத்திருக்க வேண்டும். காத்திருந்தார். அதற்குள் சாலை வளைந்தது. வேன் வளையவில்லை.

நெல்வயலுக்குள் முட்டிக்கொண்டு நின்ற வேனில் பதினாலு பேரும் ஒருவர்மேல் ஒருவர் கிடந்தார்கள். சாராளின் வலது மணிக்கட்டு மடங்கியிருந்தது. வலியில் பல்லைக் கடித்தபடி நிமிர்ந்தவள் கண்டது, சேற்றுத்தண்ணீர் காலை நனைக்க, சடையப்பன் மிச்ச எழுத்துகளை அடித்து அனுப்பிக்கொண்டிருந்ததை.

அவள் இடக்கையால் போனைப் பிடுங்கி ஈஸ்வரிக்கே போட்டாள்.

“யக்கா, வேன்ல வர்ற சாராள் பேசறேன். உங்க வூட்டுக்காரரு பத்திரமாத்தான் கீறாரு. வயக்காட்டுல கீறாரு. இனிமே வண்டி ஓட்டிக்கினு இருக்கசொல்ல கேக்காதக்கா.”

மேனேஜர் வீரராகவன் சடையப்பனை விசாரித்தார்.

“அந்த வளைவு சார், போன வாரம்கூட அவ்ளோ வளைவா இல்ல சார்.”

“மழைக்கு வளந்திருக்கும்,” என்று சொல்லி மேனேஜர் சாவியை வாங்கிக்கொண்டார்.

சாராளுக்கு ஆறு வாரம் மாவுக்கட்டு. பார்க்கப் போன சடையப்பன், அவள் இடக்கையால் இட்லியைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோகத் தடுமாறுவதைக் கண்டார். மன்னிப்புக் கேட்க நினைத்தார். வெறுமனே கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். மனசு கேட்கவில்லை. சைக்கிளை மிதித்துக்கொண்டே எஸ்.எம்.எஸ்ஸில் மன்னிப்புக் கேட்டார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை திருவள்ளூர் ரோட்டில், ‘ஓ.கே.ன்னு ரெண்டே எழுத்துதான்’ என்று சொல்லி, வேகத்தைக்கூடக் குறைக்காமல் குனிந்தவர் யாராம்? மறுக்க வேண்டாம். உங்கள் பின்னால் உட்கார்ந்து வந்தவர் என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.